மழலை கண்வளர, நாம் விழித்திருப்போம்

எல்லையோரச் சிற்றூர்களில் குழந்தைக் காப்பகமும் பகல் உறக்கமும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு மாநில எல்லை செல்கிறது. ஆனால் இஞ்சிவிளைப் பகுதியில் நின்று பார்க்கும் வெளியூரார்க்கு, எந்த வீடு கேரளத்தைச் சேர்ந்தது, எந்த வீடு தமிழகத்தைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது எளிதன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கியது. கோடு வரையப்பட்ட பின்னும் உறவுகள் அறுபடவில்லை. மகள் பாறசாலையில் வாழ்வாள். தாய் களியக்காவிளையில் இருப்பாள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசிப் பழகிய குடும்பங்கள் இருபுறமும் உண்டு.

காலை வேளையில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் பயணிகள் ரயில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் செல்கிறது. அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் வேலைக்குச் செல்லும் பெண்கள் அதில் ஏறுகின்றனர். பாலராமபுரத்தில் தறிக்குச் செல்வோர் உண்டு. முந்திரி ஆலைக்கும் கட்டுமான வேலைக்கும் செல்வோர் உண்டு. அவர்களுள் கைக்குழந்தையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட இளந்தாய்மாரும் இருக்கிறார்கள். நண்பகலில் சற்று ஓய்வு கிடைத்ததும் அவர்கள் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “பிள்ளை உறங்கியாச்சா?”

அக்கேள்விக்கு “உறங்கியாச்சு” என்ற விடை கிடைத்ததும் தாயின் மனம் ஆறிவிடுகிறது. எப்படி உறங்குகிறது, எங்கே உறங்குகிறது, அருகில் யார் இருக்கிறார்கள் என்ற அடுத்த மூன்று கேள்விகளை நாம் கேட்பதில்லை. இக்கட்டுரை அம்மூன்று கேள்விகளைப் பற்றியது. வீட்டிலும் காப்பகத்திலும் குழந்தையை ஒரே முறையில் உறங்க வைக்க வேண்டும்; அம்முறை இன்னதென்று இருதரப்பும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். நாம் சொல்ல விழைவது சுருக்கமாக இவ்வளவே. இதற்குச் செலவு ஏதுமில்லை. இதைச் செய்யாது விட்டால் நேரக்கூடிய இழப்போ ஈடு செய்ய முடியாதது.

பதினெட்டாம் வாரத்தின் இக்கட்டு

பணிபுரியும் பெண்களின் பேறுகால விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. அதில் 8 வாரங்கள் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்துக்கொண்ட தாய் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரங்கள், அதாவது நான்கு மாதம் கடந்து சில நாள்களே ஆகியிருக்கும். கூலி வேலையும் சிறு தொழிலும் செய்வோர்க்கு அந்த விடுப்பும் இல்லை. அவர்கள் இன்னும் முன்னதாகவே வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர்.

அரசின் உதவியோடு நடக்கும் காப்பகங்களோ ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளையே சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை குழந்தை பாட்டியிடமோ, அண்டை வீட்டு அக்காளிடமோ, தனியார் நடத்தும் டே கேரிலோ வளர்கிறது. மருத்துவர்கள் ‘திடீர்ச் சிசு மரணம்’ என்று குறிப்பிடும் நிகழ்வில், நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே, ஆராய்ந்தும் காரணம் புலப்படாத வகையில் உயிரிழக்கிறது. இது பெரும்பாலும் நேர்வது இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில்தான். பத்தில் ஒன்பது நிகழ்வுகள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே நேர்கின்றன. குழந்தை கைமாறும் பருவமும் இந்த ஆபத்துப் பருவமும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

அச்சமூட்டுவது நம் நோக்கமன்று. இது அரிதாகவே நிகழ்வது. அதனினும் மேலாக, பெருமளவு தவிர்க்கக்கூடியது. அமெரிக்காவில் 1994-இல் ‘குழந்தையை மல்லாந்து உறங்க வையுங்கள்’ என்ற பரப்புரை தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அந்நாட்டில் இத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. படுக்க வைக்கும் முறை மட்டுமே மாறியது.

முதல் வாரம்

அதே நாட்டில் குழந்தைக் காப்பகங்களைப் பற்றி நடந்த ஆய்வுகள் இன்னோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தன. இவ்வகை மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, குழந்தை பெற்றோரல்லாத பிறரின் பராமரிப்பில் இருந்தபோது நேர்ந்திருந்தது. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு காப்பகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நேர்ந்தது.

ஆய்வாளர்கள் கண்ட முக்கியமான காரணம் இது: வீட்டில் மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தையைப் புதியவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு குப்புறப் படுக்க வைக்கிறார். குப்புறக் கிடந்தால் குழந்தை அயர்ந்து உறங்கும், அழாது என்பது அவருடைய அனுபவம். ஆனால் அப்படுக்கைக்குப் பழகாத குழந்தைக்குத் தலையைத் தூக்கித் திருப்பும் பயிற்சி இல்லை. அத்தகைய குழந்தையைத் திடீரெனக் குப்புறக் கிடத்தும்போது ஆபத்து 18 மடங்கு வரை உயர்வதாக ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன.

நம் எல்லையோர ஊர்களுக்கு இது முற்றிலும் பொருந்தும் பாடமாகும். வாரநாள்களில் பாறசாலையில் ஒருவரிடமும், வார இறுதியில் களியக்காவிளையில் பாட்டியிடமும், விழா நாள்களில் அத்தையிடமும் குழந்தை இருக்கக்கூடும். கைகள் எத்தனை மாறினாலும் கிடத்தும் முறை மாறலாகாது.

மல்லாந்த நிலை ஏன்?

“மல்லாந்து கிடக்கும்போது பால் கக்கினால் புரையேறாதா?” என்று மூத்தோர் கேட்பதுண்டு. நியாயமான ஐயம் இது. குழந்தை மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் தன் எடையால் கீழேயுள்ள உணவுக்குழலுக்கே திரும்பும். மேலேறி மூச்சுக்குழலுக்குள் புகுவது கடினம். குப்புறக் கிடக்கையிலோ இவ்வமைப்பு தலைகீழாகிறது. பால் மூச்சுக்குழலின் வாயிலருகே தேங்க இடம் உண்டாகிறது. பாலூட்டிய பின் தோளில் சாய்த்து ஏப்பம் வரச் செய்து, பின்னர் மல்லாத்திக் கிடத்துவதே முறை. ஒருக்களித்துக் கிடத்தினால் குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும் என்பதால் அதுவும் ஏற்றதன்று.

படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருத்தல் வேண்டும். கைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காத மெத்தை போதும். தரையில் விரித்த பாயின்மேல் மடிப்பின்றி இழுத்துச் செருகிய பருத்தி விரிப்பும் போதுமானதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது: முதல் ஓராண்டுக்குக் குழந்தையின் படுக்கையில் குழந்தையைத் தவிர வேறொன்றும் இருத்தலாகாது. தலையணை, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை, தொட்டிலின் உள்விளிம்பில் கட்டும் மெத்தென்ற தடுப்பு ஆகிய அனைத்தும் முகத்தை மூடிக் காற்றைத் தடுக்கக்கூடியவை.

குழந்தை தானே இருபுறமும் புரளக் கற்றுவிட்டால், உறக்கத்தில் புரண்டு குப்புறக் கிடப்பதைக் கண்டு ஒவ்வொரு முறையும் திருப்பி வைக்க வேண்டியதில்லை. ஆனால் கிடத்தும்போது மல்லாத்தியே கிடத்த வேண்டும். சுற்றிலும் மென்மையான பொருள் எதுவும் இராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புரளத் தொடங்கிய குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி வைக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட வேண்டும்.

தூளியும் தொட்டிலும்

பழஞ்சேலையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் தூளி நம் பண்பாட்டோடு பிணைந்தது. எல்லைக்கு இருபுறமும் அதற்குத் ‘தொட்டில்’ என்ற பெயரும் பொது. தாயின் கருவறையை நினைவூட்டும் அணைப்பும் அசைவும் அழுத குழந்தையை விரைவில் அமைதிப்படுத்துகின்றன. இதை இழிவாகக் கருதுவதற்கில்லை. ஆயினும் காப்பகத்தில் தூளி ஏற்றதன்று என்று நாம் கருதுவதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, தூளியில் குழந்தையின் உடல் வில்போல் வளைகிறது. கழுத்துத் தசை வலுப்பெறாத குழந்தையின் தாடை மார்பில் பதிந்தால் மூச்சுவழி குறுகும். அமெரிக்காவில் 2019-இல் சாய்வான ஒருவகைத் தொட்டில்கள் சுமார் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் உறங்கிய 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்ததே காரணம். 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை அங்கே தடை செய்தது. நம் தூளி அச்சட்டத்தில் பேசப்படவில்லை. ஆனால் வளைந்த உடல், குறுகிய மூச்சுவழி என்ற இடர் இரண்டுக்கும் பொதுவானது.

இரண்டாவது, தூளிக்குள் கிடக்கும் குழந்தையின் முகம் வெளியில் தெரிவதில்லை. வீட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டி இருக்கிறார். ஆட்டும் கையும் பார்க்கும் கண்ணும் அவருடையவையே. காப்பகத்தில் ஒருவர் பல குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது, தூளியை முறுக்கி விளையாடும் பெரிய குழந்தைகளின் கழுத்தில் துணி சுருக்கிட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஆகவே காப்பகத்தில் சேர்ப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, பகலில் ஒரு வேளையாவது குழந்தையைச் சமமான படுக்கையில் உறங்கப் பழக்குவது நல்லது. தூளியில் உறங்கவைக்கும் வீடுகளில், விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் முகம் தெரியும்படி அருகிலேயே இருத்தல் வேண்டும். உறங்கிய பின் மெல்ல எடுத்துப் படுக்கையில் கிடத்திவிட வேண்டும். ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ மடியில் உறங்கியபடியே காப்பகத்துக்கு வந்து சேரும் குழந்தைக்கும் இதே விதிதான். தோளில் கட்டிய பையிலோ சாய்வு இருக்கையிலோ அப்படியே விட்டுவைத்தல் கூடாது.

கொள்வதும் விடுவதும்

பாட்டிமாரின் அறிவில் கொள்ளத்தக்கது நிறையவே இருக்கிறது. இளஞ்சூட்டில் நீராட்டு, இதமான எண்ணெய்த் தடவல், ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் நடக்கும் ஒழுங்கு ஆகியன குழந்தைக்கு ‘இனி உறங்கும் நேரம்’ என்று உணர்த்துகின்றன. மார்பில் மெல்லத் தட்டிக் கொடுப்பதும் தாலாட்டும் அவ்வாறே. தமிழில் தாலாட்டு என்பதை மலையாளத்தில் தாராட்டு என்பர். திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் குழந்தையாய் இருந்தபோது இரயிம்மன் தம்பி இயற்றிய தாராட்டு கேரளத்து வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. நம் பாட்டிமாரின் ஆராரோவும் அதனோடு இயல்பாகக் கலந்துவிடும். வீட்டில் பாடும் பாட்டைக் காப்பகத்துக் கைபேசியில் ஒலிக்கச் செய்வதைவிட, பராமரிப்பவர்க்கே அந்த மெட்டைச் சொல்லிக் கொடுப்பது மேல். புதிய இடத்தில் பழகிய மெட்டு ஒன்று காதில் விழுவது குழந்தைக்கு ஆறுதல்.

விடத்தக்கவையும் சில உண்டு. தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று வைக்கப்படும் கடுகுத் தலையணை அவற்றுள் ஒன்று. தலை ஒருபுறம் தட்டையாகாமல் இருக்க வேறு வழி உண்டு. ஒரு நாள் குழந்தையின் தலை படுக்கையின் இந்த முனையில் இருக்கட்டும். மறுநாள் அந்த முனையில் இருக்கட்டும். ஒளியும் குரலும் வரும் திசையைத் தேடிக் குழந்தையே தலையைத் திருப்பிக்கொள்ளும். விழித்திருக்கும் வேளையில், பெரியவர் அருகிலிருக்க, குப்புறக் கிடத்தி விளையாட விடவும் வேண்டும். தவழத் தொடங்காத குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமேனும் இவ்வாறு கிடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரை. உறங்கும்போது மல்லாந்தும் விளையாடும்போது குப்புறவும் இருத்தல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் கட்டிய கருப்புக் கயிறு, தாயத்து, மணிமாலை ஆகியவற்றை உறங்கும் முன் கழற்றி வைத்தல் வேண்டும். கயிறு இறுகினால் குழந்தையால் விடுவித்துக்கொள்ள இயலாது. மூடிய அறையில் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் வேண்டா, கொசுவலை போதும். புகைபிடிப்பவர் இருக்கும் அறையில் குழந்தையை உறங்க வைத்தலும் ஆகாது.

உறக்கத்துக்காக மருந்து கொடுப்பது எந்நிலையிலும் தவறு. சளிக்குக் கொடுக்கும் சில கலவை மருந்துகளில் மயக்கம் தரும் பொருள் உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோர்க்குப் பயன்படுத்தலாகாது என்று புட்டியின்மேல் அச்சிட வேண்டுமென மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் பணித்தது. மருத்துவர் எழுதிக் கொடுக்காத எந்தப் புட்டியும் காப்பகத்துக்குச் செல்லும் பையில் இருத்தலாகாது.

வெயிலும் மழையும்

நம் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களின் புழுக்கமும் சூன் மாதத்து அடைமழையும் குழந்தையின் உறக்கத்தைக் குலைப்பவை. மழைநாளில் குளிர்ந்துவிடும் என்று அஞ்சி, தொப்பி, காலுறை, கம்பளி என அடுக்கடுக்காய் அணிவிப்பது வழக்கம். மிகுதியான சூடும் ஓர் ஆபத்தே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதே அறையில் இருக்கும் பெரியவர் அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாக இருந்தால் போதும். கைகால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஆடை மிகுதி என்று பொருள். வீட்டுக்குள் உறங்கும்போது தலைக்குத் தொப்பி தேவையில்லை.

விரிப்புக்குப் பாலராமபுரம் நெசவு போன்ற காற்றோட்டமான பருத்தித் துணி ஏற்றது; பலமுறை துவைத்து மென்மையான பழைய முண்டும் நன்றே. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி விரிப்பு இருக்கட்டும். அதில் பெயர் எழுதியிருக்கட்டும். படுக்கைகளுக்கிடையே மூன்றடி இடைவெளி இருந்தால் சளியும் இருமலும் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தாவுவது குறையும். கம்பித் தொட்டிலானால் கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. மின்கம்பி, திரைச்சீலைக் கயிறு ஆகியன கைக்கெட்டும் தொலைவில் இருத்தலும் ஆகாது.

உறக்கத்தின் அளவையும் அறிந்துகொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு நாளில் மூன்று மாதம் வரையுள்ள குழந்தைக்கு 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரமும் உறக்கம் தேவை. இது இரவும் பகலும் சேர்ந்த கணக்கு. எனவே ஐந்து மாதக் குழந்தை காப்பகத்தில் பகலில் பலமுறை உறங்குவது இயல்பே. எல்லாக் குழந்தைகளையும் ஒரே நேரத்தில் உறங்க வைக்கும் ஒழுங்கு ஒன்றரை வயதுக்கு மேல்தான் பொருந்தும். கைக்குழந்தைக்கு அதன் உறக்கமே கடிகாரம்.

விழித்திருப்பவர் யார்?

1969-இல் தில்லியில் காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டுமானம் நடந்த இடத்தில், வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் அங்கே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரஷஸ்’ என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. அன்று அக்குழந்தைகளுக்கு முதலில் கிடைத்தவை ஒரு நிழலும், விழித்திருக்கும் ஒருவரின் கண்ணும்தான்.

இன்று சட்டங்களும் திட்டங்களும் பல உள்ளன. 30-க்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஊரக வேலை உறுதிச் சட்டமும், பணியிடத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண் ஒருவரை அமர்த்தச் சொன்னது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளை எல்லைக்கு அப்பால் பால்வாடி என்று அழைப்பதும் உண்டு. 2022 முதல் மிஷன் சக்தியின்கீழ் அங்கன்வாடிகளோடு காப்பகத்தையும் இணைக்கும் திட்டத்துக்குப் ‘பால்னா’ என்று பெயரிட்டுள்ளனர். அந்த இந்திச் சொல்லுக்குத் தொட்டில் என்பதே பொருள். அதற்கு முன்பிருந்த தேசியக் காப்பகத் திட்டத்தின் நெறிமுறை, 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வகுத்திருந்தது.

இருவரும் உழைப்பாளிகளே. ஆயினும் மதிய வேளையில் ஒருவர் பாத்திரம் கழுவ, மற்றவர் பதிவேடு எழுத உட்கார்ந்தால், உறங்கும் குழந்தைகளைப் பார்ப்பவர் யார்? ஆகவே ‘இந்நேரத்தில் இவர் விழித்துப் பார்ப்பார்’ என்று பெயர் குறித்து வைக்க வேண்டும். அறைக்கதவு திறந்திருக்கட்டும், முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கட்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை அருகில் சென்று மூச்சையும் நிறத்தையும் பார்க்கட்டும். உறங்கிய நேரமும் எழுந்த நேரமும் ஒரு தாளில் எழுதப்படட்டும். பால்புட்டியை வாயில் சாய்த்து வைத்துவிட்டு அகலுதல் கூடவே கூடாது.

பணியாளர் ஒருவரேனும் குழந்தைகளுக்கான உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். 108 அவசர ஊர்தி எண் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் பொது. பாறசாலை வட்ட மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை ஆகியவற்றுள் அருகில் இருப்பதன் தொலைபேசி எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைப்பது நலம்.

ஒப்படைக்கும் ஐந்து நிமிடம்

காலையில் குழந்தையைக் கைமாற்றும்போது பெரும்பாலும் அவசரமே மேலோங்கி நிற்கும். பேருந்து வந்துவிடும், குழந்தை அழும். எனினும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியவை நான்கு: நேற்றிரவு எவ்வளவு உறங்கியது, கடைசியாக எப்போது பால் குடித்தது, உடல்நலத்தில் மாற்றம் உண்டா, எப்படிக் கிடத்த வேண்டும்.

எல்லையோரத்தில் பராமரிப்பவர் மலையாளம் பேசுபவராகவும் தாய் தமிழ் பேசுபவராகவும் இருக்கக்கூடும். தடையாகத் தோன்றும் இது உண்மையில் தடையன்று. உறக்கம் என்பதற்கு இருமொழியிலும் ஒரே சொல். தமிழில் ‘மல்லாத்திக் கிடத்துங்கள், குப்புறப் போடாதீர்கள்’ என்போம். மலையாளத்தில் ‘மலர்த்திக் கிடத்தணம், கமிழ்த்திக் கிடத்தருது’ என்பார்கள். இவ்விரு வாக்கியங்களையும் இரு எழுத்திலும் ஓர் அட்டையில் எழுதிப் படுக்கையருகே தொங்கவிட்டால் மாற்றுப் பணியாளர் வரும் நாளிலும் ஐயம் எழாது. அதன் படி ஒன்று பாட்டி வீட்டிலும் இருக்கட்டும்.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், சுவரோவியத்தையும் பொம்மைகளையும் பார்ப்பதற்கு முன் உறங்கும் அறையைப் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பின்றி நண்பகலில் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். நல்ல காப்பகம் அதற்கு முகம் சுளிக்காது. முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் எனப் படிப்படியாகக் குழந்தையை அங்கே பழக்கவும் வேண்டும். விடுப்பில் கடைசி வாரத்தை இதற்கென ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

காப்பகம் தொடங்க விழைவோர்க்கு

தம் வீட்டின் முன்னறையிலேயே சிறு காப்பகம் நடத்த எண்ணும் பெண்கள் நம் வாடிக்கையாளர்களுள்ளும் இருப்பர். குடும்பஸ்ரீ போன்ற குழுக்களில் சேர்ந்து முயல்வோரும் உண்டு. இது சேவைத் தொழில் ஆகையால், 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் கேட்டு விண்ணப்பிக்க இடமுண்டு. அத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான முதற்படிக்கு ‘சிசு’ என்றே பெயர். அடுத்த படிகளான ‘கிஷோர்’ 5 லட்சம் வரையும் ‘தருண்’ 10 லட்சம் வரையும் செல்கின்றன.

திட்ட அறிக்கை எழுதும்போது ஊஞ்சலுக்கும் வண்ணப்பூச்சுக்கும் முன்னதாகக் கெட்டியான தனித்தனிப் படுக்கைகள், மாற்று விரிப்புகள், கொசுவலை, மின்தடைக் காலத்துக்கு இன்வெர்ட்டர், முதலுதவிப் பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது பணியாளரின் சம்பளத்தைக் கணக்கில் சேருங்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்தும் காப்பகத்தில் உறங்கும் குழந்தையைப் பார்க்கக் கண் இராது.

மாலையில் அதே ரயில் திரும்பி வருகிறது. பாறசாலையில் இறங்கும் தாய் விரைந்து நடந்து காப்பகத்தின் வாயிலை அடைகிறாள். உறங்கி எழுந்து முகம் தெளிந்த குழந்தை அவளைக் கண்டதும் கைநீட்டித் தாவுகிறது. அப்போது அவள் கையில் ஒரு சிறு தாளும் தரப்படட்டும்: ‘11.10 முதல் 12.25 வரை உறங்கியது. மல்லாந்து. அருகில் இருந்தோம்.’ நண்பகலில் அவள் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளுக்கும் அத்தாளில் விடை இருக்கும்.